டேபிளைக் காட்டினால் ஃபார்ம் எழுதித் தரும் கருவிகள்: நம்பி இறங்கலாமா?

கேள்வி, 18 ஆகஸ்ட் 2025

அண்ணே, புதுச்சேரி வில்லியனூரில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடை. பழைய மென்பொருள், கீழே மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ், 43 டேபிள். எழுதியவர் துபாய் போய்விட்டார். டேபிளைக் காட்டினால் ஃபார்ம், பட்டியல், தேடல், லாகின் எல்லாவற்றையும் தானே எழுதித் தரும் கருவிகள் இருக்கின்றனவே, அதில் ஒன்றை வைத்து இரண்டு நாளில் புதிதாக நிறுத்திவிடலாம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். தீபாவளிக்குள் கேட்கிறார். தப்பா சொல்லிட்டேனா?

பதில், 18 ஆகஸ்ட், இரவு

இரண்டு நாளில் முடியும். மூன்றாவது நாள்தான் கடைக் கணக்கர் வந்து உட்காருவார்.

ஒன்று, கடலூர்க்காரனிடம் 'தானே' என்ற சொல்லைப் பார்த்துப் போடுங்கள். எங்களுக்கு அது 2011 டிசம்பர் 30இல் அடித்த புயலின் பெயர். இந்தக் கருவிகளுக்குச் சொல்லும் 'ஜெனரேட்டர்' என்ற பெயரும் அப்படித்தான். அந்தப் புயலுக்குப் பிறகு மஞ்சக்குப்பத்தில் பல நாள் அந்தச் சொல்லுக்கு டீசல் வாசனை மட்டுமே இருந்தது.

இந்தக் கருவிகளில் மாயம் எதுவும் கிடையாது. டேட்டாபேஸுக்குள் இன்ஃபர்மேஷன் ஸ்கீமா என்று ஒன்று இருக்கிறது, டேபிள்களைப் பற்றிய டேபிள்கள். அதைக் கருவி வாசிக்கும்: எந்த ஃபீல்டு, என்ன வகை, எத்தனை எழுத்து, காலியாக விடலாமா, எது பிரைமரி கீ (ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாளம்), எது எந்த டேபிளைச் சுட்டுகிறது. வார்ச்சார் (அளவு வைத்த எழுத்து ஃபீல்டு) என்றால் சின்னப் பெட்டி, டெக்ஸ்ட் என்றால் பெரிய பெட்டி, டேட் என்றால் காலண்டர், ஃபாரின் கீ (வேறு டேபிளைச் சுட்டும் ஃபீல்டு) என்றால் டிராப்டவுன். டெம்ப்ளேட்டில் ஊற்றி இட்லி மாதிரி எடுக்கும். 2009இல் நானே பிஎச்பி மொழியில் ஒன்று எழுதினேன், அறுநூறு வரி சொச்சம். அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒரு கதையும் வெளியே சொல்லாத ஒரு கதையும் இருக்கின்றன.

19 ஆகஸ்ட், காலை

இது புது விளையாட்டும் இல்லை. தொண்ணூறுகளின் நடுவில் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் ஃபாக்ஸ்புரோ 2.6 என்ற டேட்டாபேஸ் மென்பொருள் கற்றேன். ஸ்கிரீன் பில்டரில் பெட்டிகளை வைத்துச் சேமித்தால் ஜென்ஸ்கிரீன் என்ற நிரல் அதை வாசித்து எஸ்பிஆர் என்ற கோப்பாகக் கோடு (நிரல் வரிகள்) எழுதித் தரும். ஜென்ஸ்கிரீனும் ஃபாக்ஸ்புரோவிலேயே எழுதியதுதான், திறந்து பார்க்கலாம், திருத்தலாம். நான் படித்த முதல் பெரிய நிரல் அதுதான்.

முதல் சம்பளத்தைத் தொலைத்ததும் அதில்தான். அடகுக்கடைக்கு எழுதியது. வட்டிக் கணக்கை நேராக எஸ்பிஆர் கோப்புக்குள் கையால் எழுதி வைத்திருந்தேன். பெயர்ப் பெட்டியை இரண்டு இடம் வலப்பக்கம் தள்ளச் சொன்னார்கள். பில்டரில் தள்ளினேன், மறுபடி ஜெனரேட் அடித்தேன். பெட்டி நகர்ந்தது, வட்டி போய்விட்டது. பேக்கப் ஃப்ளாப்பியில் இருந்தது. ஃப்ளாப்பியில் பூஞ்சை பூத்திருந்தது, கடல் காற்று.

முப்பது வருஷம் கழித்தும் கருவியை எடைபோட நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: இரண்டாவது முறை ஜெனரேட் செய்தால் நான் கையால் எழுதியது என்ன ஆகும்? நல்ல கருவி இரண்டு கோப்பாகப் பிரிக்கும். ஒன்று அதனுடையது, எப்போது வேண்டுமானாலும் அழித்து எழுதிக்கொள்ளும். இன்னொன்று உங்களுடையது, தொடாது. சி ஷார்ப் மொழியில் 2005இல் பார்ஷியல் கிளாஸ் வந்ததே, ஒரே கிளாஸை இரண்டு கோப்பில் எழுதும் வசதி, அதற்கு முக்கியமான பயன் இதுதான். நீங்கள் பார்க்கும் கருவி இப்படிப் பிரிக்கவில்லை என்றால், ஒரே ஒரு முறை ஓட்டிவிட்டுக் கருவியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அதுவும் ஒரு வழிதான். இரண்டுக்கும் நடுவில் நிற்காதீர்கள்.

19 ஆகஸ்ட், மதியம்

திருத்தம். தொலைந்தது இரண்டாவது சம்பளம். முதல் சம்பளத்தில் சைக்கிள் வாங்கினேன்.

21 ஆகஸ்ட்

டேபிள் பட்டியலை அனுப்பியதற்குச் சந்தோஷம். அதைவிட அவசரமான ஒரு வேலை. 43 டேபிளில் எத்தனை ஃபாரின் கீ இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிய பிறகு எஞ்சின் (டேபிளைச் சேமித்து வைக்கும் பகுதி) எது என்றும் பாருங்கள். மைஎஸ்கியூஎல்லில் 5.5 வருவதற்கு முன் மைஐஎஸ்ஏஎம்தான் இயல்பான எஞ்சின். அதில் ஃபாரின் கீ எழுதினால் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ளும், ஒன்றும் செய்யாது, பிழையும் சொல்லாது. பழைய ஆள் ஒழுங்காகத்தான் எழுதியிருப்பார், டேட்டாபேஸ்தான் காதில் வாங்கியிருக்காது.

24 ஆகஸ்ட்

மூன்றா! 43 டேபிளுக்கு மூன்று ஃபாரின் கீ.

அப்படியென்றால் கருவியின் கண்ணுக்கு உங்கள் கடை நாற்பது தனித்தீவு. பில் டேபிளில் வாடிக்கையாளர் எண் வெறும் எண்ணாக இருக்கிறது. கருவி அதற்கு ஒரு எண் பெட்டி போடும். கல்லாவில் இருப்பவர் 'பாகூர் அண்ணாச்சி கடை' என்று தேட மாட்டார், 1187 என்று மனப்பாடமாக அடிக்க வேண்டும். ஆகவே முதல் இரண்டு நாளைக் கருவிக்குக் கொடுக்காதீர்கள், ஃபாரின் கீ போடக் கொடுங்கள். போடும்போது பிழை வரும். சுட்டுகிற வாடிக்கையாளர் எப்போதோ நீக்கப்பட்டிருப்பார், அவர் பெயரில் நாற்பது பில் அநாதையாக நிற்கும். அதைச் சுத்தம் செய்வதுதான் நீங்கள் ஒப்புக்கொண்ட உண்மையான வேலை. ஃபார்ம் அதற்கு மேல் பூசுகிற சுண்ணாம்பு.

போட்டு முடித்த பிறகு எதிர்ப்பக்கத் தொல்லை வரும், இப்போதே சொல்லிவைக்கிறேன். டிராப்டவுன். ஃபாரின் கீயைப் பார்த்தால் கருவி சுட்டப்படும் டேபிளின் எல்லாப் பதிவுகளையும் பட்டியலில் கொட்டும். ஐம்பது பொருளுக்கு அழகு. பதினோராயிரம் பெயருக்கு, பக்கம் திறப்பதற்குள் வில்லியனூரிலிருந்து நடந்தே போய் ஆளைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். ஜாங்கோ (பைதானில் இணையச் செயலி எழுதும் கட்டமைப்பு) 2.0இல்தான் தட்டத் தட்டத் தேடும் பெட்டி அதன் அட்மினுக்குள், அதாவது அது எழுதித் தரும் நிர்வாகப் பக்கங்களுக்குள், வந்தது. அதற்கு முன் எண்ணை அடி, இல்லையென்றால் பதினோராயிரத்தையும் உருட்டு.

இன்னொன்று, சின்னது. போன் நம்பர் ஃபீல்டு யுனிக்காக (ஒரே மதிப்பு இரண்டு முறை வராதபடி) இருக்கிறதா? போன் இல்லாத முதல் வாடிக்கையாளர் சேர்வார், இரண்டாமவர் 'ஏற்கெனவே உள்ளது' என்று திரும்புவார். ஃபார்ம் நல் (மதிப்பே இல்லை என்ற குறி) அனுப்பவில்லை, வெற்று எழுத்துச்சரம் அனுப்புகிறது. நல் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம், வெற்றுச்சரம் ஒன்றுதான் இருக்கலாம். ஆரக்கிள் டேட்டாபேஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம், உங்களிடம் இரண்டும் ஒன்றுதான் என்பது தனித் தலைவலி.

28 ஆகஸ்ட்

பெருமைக் கதையைக் கேட்கிறார்கள். சரி.

பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி ஆலை. 2010இல் என் பிஎச்பி கருவியை வைத்து 52 டேபிளுக்கு ஒரே மாலையில் ஃபார்மும் ரிப்போர்ட்டும் நிறுத்தினேன். முதலாளி கை கொடுத்தார். மறுநாள் கணக்கு பார்க்கும் அக்கா பிரிண்ட் எடுத்த தாளை நீட்டினார். "என்னா சார் இது, கிரேடு மொத்தம் ஆயிரத்து நானூறு?"

முந்திரிப் பருப்பு கிரேடு தெரியாதவர்களுக்கு: டபிள்யூ 180, 210, 240, 320, 450. ஒரு பவுண்டுக்கு எத்தனை முழுப்பருப்பு நிற்கும் என்பதுதான் அந்த எண். 180 என்றால் பெரிய பருப்பு, ராஜா. 320 சந்தையில் அதிகம் ஓடுவது. 450 பொடிசு. நான் அந்த டபிள்யூவை விட்டுவிட்டு ஃபீல்டை எண்ணாக வைத்திருந்தேன். எண் என்று கண்டால் அடியில் கூட்டிப் போடு என்று என் கருவிக்கு நானே சொல்லிக் கொடுத்திருந்தேன். கூட்டியது. தாளின் அடியில் அஞ்சல் குறியீடும் கூட்டப்பட்டிருந்தது, அதை அக்கா பெரிய மனது பண்ணிக் கேட்கவில்லை.

பெருமைக் கதை என்று தொடங்கினேன். எழுதிப் பார்த்தால் அப்படி இல்லை. அந்த ஒரு மாலை மட்டும் பெருமை.

2 செப்டம்பர்

பில் ஃபார்ம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பில் டேபிளில் சிஜிஎஸ்டி (ஒன்றிய அரசுக்கு), எஸ்ஜிஎஸ்டி (மாநிலத்துக்கு), ஐஜிஎஸ்டி (வெளி மாநில விற்பனைக்கு) என மூன்று ஃபீல்டு. கருவி மூன்றுக்கும் மூன்று பெட்டி திறந்து வைக்கும், மூன்றிலும் தொகை அடிக்கலாம், சேமிக்கும். எது எப்போது என்பது ஸ்கீமாவில் (டேபிள்களின் அமைப்பில்) இல்லை, வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தில் இருக்கிறது. தமிழ்நாடு 33, புதுச்சேரி 34. வில்லியனூரிலிருந்து கடலூருக்கு, ஆல்பேட்டை சோதனைச்சாவடியைத் தாண்டினால் ஐஜிஎஸ்டி. அதே கடையிலிருந்து ஏனாமுக்கு அனுப்பினால், ஆந்திராவுக்குள் கோதாவரிக் கரைக்கு லாரி போய்ச் சேர்ந்தாலும், அது 34க்குள் 34. சிஜிஎஸ்டியும் யூடிஜிஎஸ்டியும்.

பக்கத்தூர் வெளி மாநிலம், தூரத்தூர் உள்ளூர். இதை எந்தக் கருவி கண்டுபிடிக்கும்?

அஞ்சல் குறியீட்டுக்கு '605இல் தொடங்க வேண்டும்' என்று யாராவது விதி போட்டிருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். காரைக்கால் 609, மாஹே 673310, ஏனாம் 533464. எல்லாம் புதுச்சேரிதான்.

3 செப்டம்பர்

முதலியார்பேட்டையிலிருந்து ஒரு ஆடிட்டர் காதைத் திருகியிருக்கிறார். சரிதான். யூடிஜிஎஸ்டி சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசங்களுக்கு. புதுச்சேரிக்குச் சட்டமன்றம் உண்டு, ஆகவே எஸ்ஜிஎஸ்டி. உங்கள் டேபிளில் எஸ்ஜிஎஸ்டி என்றுதான் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டே நான் தப்பாக எழுதினேன். இந்த இடத்தில் எனக்கு மேல் ஸ்கீமாவுக்குத் தெரிந்திருக்கிறது.

5 செப்டம்பர்

அதே பில் விஷயத்தில் இன்னொருவர் மடக்குகிறார்: 'ஸ்கீமாவில் இல்லை என்று புலம்புவதற்குப் பதில் ஸ்கீமாவில் போட வேண்டியதுதானே. ஐஜிஎஸ்டி பூஜ்யம், இல்லையென்றால் மற்ற இரண்டும் பூஜ்யம் என்று ஒரு செக் கன்ஸ்ட்ரெயிண்ட் (டேட்டாபேஸே சரிபார்க்கும் விதி) எழுதினால் முடிந்தது.'

நியாயம். யோசித்துப் பார்த்தால் என் புலம்பலில் பாதி சோம்பேறித்தனம். விதியை டேட்டாபேஸில் எழுதினால் ஃபார்ம் எதுவானாலும் தப்பு உள்ளே வராது.

ஆனால் வில்லியனூர்க்காரரே, அதைப் போடுவதற்கு முன் வெர்ஷனைப் பாருங்கள். மைஎஸ்கியூஎல் 8.0.16க்கு முன் செக் எழுதினால் வாசித்துவிட்டு வீசிவிடும். ஃபாரின் கீக்கு மைஐஎஸ்ஏஎம் செய்த அதே சிரிப்பு. 5.7இல் நான் எழுதி வைத்த செக்குகளை நம்பி இரண்டு வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். வெர்ஷன் ஏற்றிய பிறகும் இன்னொரு கண்ணி: விதி டேட்டாபேஸில் இருந்தாலும் கருவி பெரும்பாலும் அதை வாசித்து ஃபார்மில் காட்டாது. கணக்கர் மூன்று பெட்டியும் நிரப்பி, சேமி அழுத்திய பிறகு, இங்கிலீஷில் சிவப்பாக ஒரு வரி வரும். அவர் உங்களுக்குப் போன் பண்ணுவார். இரவு பத்தரைக்கு.

9 செப்டம்பர்

எண்டர் கீ. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

கடைக் கணக்கர்கள் இருபது வருஷமாக டேலியிலும் ஃபாக்ஸ்புரோவிலும் பழகியவர்கள். பெயர் அடி, எண்டர். தொகை அடி, எண்டர். கண் சீட்டின் மேல் இருக்கும், திரையைப் பார்க்கவே மாட்டார்கள். அந்தக் கை பிரவுசர் ஃபார்முக்கு வந்தால் என்ன ஆகும்? டெக்ஸ்ட் பெட்டியில் எண்டர் தட்டினால் ஃபார்ம் அப்படியே போய்ச் சேர்ந்துவிடும். ஆலையில் முதல் நாள் காலை மட்டும் 61 சீட்டு, பெயர் மட்டும் நிரம்பி, தொகை பூஜ்யத்தோடு. தொகைக்கு டிஃபால்ட் பூஜ்யம் என்று ஸ்கீமாவில் இருந்ததால் டேட்டாபேஸும் மறுக்கவில்லை. ஸ்கீமா சரி, கோடு சரி, ஃபார்ம் சரி. அக்காவின் கைதான் இருபது வருஷமாக வேறு மாதிரி.

அக்காவிடம் "டேப் கீ அடிங்க அக்கா" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கீபோர்டைத் தூக்கிக் காட்டினார், அதில் டேப் கீயே இல்லை, உதிர்ந்திருந்தது. இத்தனை வருஷம் யாருக்கும் தேவைப்படவில்லை.

எண்டரை அடுத்த பெட்டிக்குப் போக வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் பத்துப் பதினைந்து வரி. எந்தக் கருவியை எடுத்தாலும் அதன் டெம்ப்ளேட்டில் முதல் வேலையாக அதைச் சொருகுகிறேன். ஃபீல்டு வரிசையும் அப்படித்தான். டேபிளில் ஃபீல்டு எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் ஃபார்ம் வரும். பின்னாளில் சேர்த்த ஃபீல்டெல்லாம் அடியில் கிடக்கும். சீட்டில் மேலே இருப்பது ஃபார்மில் கீழே. கண் சீட்டில் இருக்கும் ஆளுக்கு இது கொலை.

14 செப்டம்பர்

பெயர்கள் தமிழில் சேமிக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். மைஎஸ்கியூஎல்லில் டேபிள் லேட்டின்1இல் (மேற்கத்திய எழுத்துகளுக்கான குறியீடு) இருந்தால் எல்லாம் கேள்விக்குறியாகும், அது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது ஆரக்கிள் பக்கம். அங்கே வார்ச்சார்2 30 என்றால் இயல்பாக முப்பது பைட். யூடிஎஃப்-8இல் (யூனிகோடைச் சேமிக்கும் முறை) தமிழுக்கு ஒரு குறிக்கு மூன்று பைட், அதாவது பத்துக் குறி. 'பூ' என்பதே இரண்டு குறி, ப ஒன்று, ஊகாரக் கால் ஒன்று. திருப்பாதிரிப்புலியூர் என்று எழுதிப் பாருங்கள், பாதிரி முடியும் முன்பே இடம் தீர்ந்துவிடும். கருவி என்ன செய்யும்? 30 என்று பார்த்து ஃபார்மில் முப்பது எழுத்து வரை விடும். பெட்டி ஏற்றுக்கொள்ளும், டேட்டாபேஸ் ஓஆர்ஏ-12899 என்று துப்பும். ஃபீல்டை உருவாக்கும்போதே 30 சார் என்று சொல்லியிருந்தால் இந்த வம்பு இல்லை.

முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி உள்ள டெம்ப்ளேட்டைப் பற்றி ஏற்கெனவே திட்டியாகிவிட்டது, வேறு இழையில். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பங்களுக்கு மட்டும் அது பொருந்தும், அவர்களும் அப்பா பெயரை நோமில் (பிரெஞ்சில் குடும்பப் பெயர்) போட்டுவிட்டுப் பாஸ்போர்ட் ஆபீஸில் அல்லாடுவார்கள். விடுங்கள்.

20 செப்டம்பர்

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன். கருவியே வேண்டாம் என்று சொல்வது போல இருக்கிறது. நான் அப்படி நினைக்கவில்லை. இந்த வாரம் ஆலையின் இப்போதைய சிஸ்டத்தைத் திறந்து எண்ணினேன் (2018இல் ஜாங்கோவுக்கு மாற்றியது, டேபிளைப் படித்துக் கோடு எழுதும் அதன் இன்ஸ்பெக்ட்டிபி கருவியை ஓட்டித்தான் தொடங்கினேன்). 52 டேபிளில் 44க்கு இன்றைக்கும் கருவி கொடுத்த ஃபார்ம்தான். கிரேடு, ஊர், லாரி, டின் அளவு, வங்கி, கூலி விகிதம். மாதத்துக்கு ஒரு முறை தொடுகிறார்கள். அவற்றுக்குக் கையால் எழுதியிருந்தால் நான் முட்டாள். கையால் எழுதியது எட்டு. கொட்டை வரவு, உடைப்புக் கூலி, பில் இவை எல்லாம் அதில். ஆனால் அக்காவின் நாள் முழுவதும் அந்த எட்டில்தான் போகிறது.

ஜாங்கோவின் ஆவணத்திலேயே அட்மின் பற்றி இதைத்தான் சொல்கிறார்கள்: இது நிறுவனத்துக்குள் நிர்வாகம் பண்ண, முழு முகப்பையும் இதன் மேல் கட்டாதே, டேபிளை மறைத்து வேலையின் போக்கில் போக வேண்டும் என்றால் சொந்தமாக எழுது. இன்ஸ்பெக்ட்டிபியும் அது எழுதித் தரும் கோப்பின் தலையிலேயே 'இதையெல்லாம் கையால் சரிபண்ணு' என்று பட்டியல் போட்டுக் கொடுக்கும். கருவி அடக்கமாகத்தான் இருக்கிறது, நாம்தான் முதலாளியிடம் இரண்டு நாள் என்று சொல்கிறோம்.

கருவியின் பெரிய பயனை நான் தாமதமாகத்தான் கண்டேன். முதல் நாளே அது கொடுக்கும் அசிங்கமான ஃபார்மைப் பிரிண்ட் எடுத்து, பேனாவோடு கணக்கர் கையில் கொடுங்கள். "இதுல எதை நீங்க அடிக்கவே மாட்டீங்க?" என்று கேளுங்கள். அக்கா 31 பெட்டியில் 22ஐப் பேனாவால் அடித்து நீக்கினார். பிறகு ஓரத்தில், இல்லாத ஒரு பெட்டியை வரைந்தார்: 'ஈரம்'. மழைக்காலத்தில் ஈரக் கொட்டைக்கு மூட்டைக்கு இத்தனை கிலோ என்று கழிப்பார்களாம். எட்டு வருஷமாக அதை 'குறிப்பு' ஃபீல்டுக்குள் எழுதி வந்திருக்கிறார். நான் வெள்ளைத்தாளோடு போய் "என்னென்ன வேணும்?" என்று கேட்டபோதெல்லாம் "எல்லாம் இருக்கு சார்" என்றுதான் சொன்னார்.

இன்னொரு உத்தி, இலவசம். மைஎஸ்கியூஎல்லில் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் கமெண்ட் எழுதலாம், அதுவும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் நிற்கும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸிலும் கமெண்ட் எழுதலாம். கமெண்டில் தமிழ் லேபிளை எழுதிவிட்டு, டெம்ப்ளேட்டை அதை வாசிக்கச் சொல்லுங்கள். 'கஸ்ட் பிஏஎல் ஓபி' என்று பல்லிளிக்கும் பெட்டி 'தொடக்க பாக்கி' ஆகிவிடும். எத்தனை முறை ஜெனரேட் செய்தாலும் போகாது.

2 அக்டோபர்

ஆயுத பூஜைக்குச் சர்வருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. வைத்தவர் ஃபேன் ஓட்டையில் பொரியும் போட்டிருக்கிறார்.

ஏஐ இருக்கும்போது இந்தப் பழைய கருவிகள் எதற்கு என்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். நானும் பயன்படுத்துகிறேன். கையால் எழுதும் அந்த எட்டு ஃபார்முக்கு நல்ல கையாள். 44க்குப் பழைய கருவிதான். ஃபீல்டு ஒன்று சேர்த்துவிட்டு மறுபடி ஓட்டினால் பழைய கருவி அந்த ஒரு பெட்டியை மட்டும் சேர்க்கும். ஏஐயிடம் கேட்டால் ஒரு முறை எழுதியது போல மறுமுறை எழுதுவதில்லை, 44ஐயும் மறுபடி உட்கார்ந்து வாசிக்க எனக்குக் கண் இல்லை. இரண்டுக்கும் பொதுவான ஆபத்து ஒன்று: டேபிளில் உள்ள எல்லா ஃபீல்டையும் வெளியிலிருந்து நிரப்ப விடுவது. 2012இல் நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்பிலேயே இந்த ஓட்டை வழியாக ஒருவர் தனக்கு உரிமை இல்லாத, ரெயில்ஸ் என்ற இணையக் கட்டமைப்பின் களஞ்சியத்துக்குள் நுழைந்து காட்டினார். யூசர் டேபிளில் 'அட்மினா' என்று ஒரு ஃபீல்டு இருக்குமே, ஃபார்மில் பெட்டியை மறைத்தால் போதாது, சர்வர் பக்கம் அதை வாங்காமல் இருக்க வேண்டும்.

11 அக்டோபர்

வெளியே சொல்லாத கதை என்று முதல் நாள் எழுதினேன். இரண்டு பேர் விடாமல் கேட்கிறார்கள்.

ஆலையில் விவசாயிகள் டேபிள் ஒன்று உண்டு. பெயர், ஊர், எத்தனை மரம். மரக் கணக்கை வைத்துத்தான் முதலாளி பருவத்துக்கு முன் முன்பணம் கொடுப்பார். ஃபீல்டு நாட் நல், அதாவது காலியாக விடக் கூடாது. என் கருவி நாட் நல்லைப் பார்த்தால், பிஎச்பியின் எம்ப்டி என்ற ஃபங்ஷனை வைத்து, காலியாக இருந்தால் 'நிரப்பவும்' என்று திருப்பி அனுப்பும் கோடு எழுதும். பிஎச்பி தெரிந்தவர்கள் இப்போதே தலையில் கை வைத்திருப்பீர்கள். எம்ப்டிக்கு '0'வும் காலிதான்.

2010இல் இது தெரியவில்லை. பூஜ்யம் மரம் உள்ளவரை யார் சேர்ப்பார்கள்?

2012 ஜனவரி. தானே அடித்து ஓய்ந்து, கரண்ட் வந்த பிறகு, முதலாளி ஊர் ஊராக ஆள் அனுப்பி மரக் கணக்கு எடுக்கச் சொன்னார். பண்ருட்டிப் பக்கம் அன்றைக்கு எப்படி இருந்தது என்று பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, முந்திரியும் பலாவும் வேரோடு படுத்துக் கிடந்தன. சீட்டுகள் வந்தன. அக்கா உட்கார்ந்து அடித்தார். 0, எண்டர். 'மரங்களின் எண்ணிக்கையை நிரப்பவும்.' மறுபடி 0. 'நிரப்பவும்.' எனக்குப் போன் போட்டிருக்கிறார், டவர் இல்லை. அக்கா யோசித்து 1 போட்டார். சேமித்தது. மிச்சம் எல்லாவற்றுக்கும் 1.

மாதக் கடைசியில் முதலாளி ஒரு பட்டியல் கேட்டார். முழுசாகப் போனவர்கள் யார் யார் என்று. அவர்களுக்குக் கன்று வாங்கிக் கொடுக்கும் யோசனை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன், மரம் பூஜ்யம் என்று தேடி. ஒருவரும் இல்லை. அவர் தாளைப் பார்த்துவிட்டு, "பரவால்லையே தம்பி, யாருக்கும் முழுசா போகலையே" என்றார். நானும் ஆமாம் சார் என்றேன்.

அக்கா அன்றைக்கு லீவு. இரண்டு வாரம் கழித்துப் பேச்சுவாக்கில்தான் தெரிந்தது. 212 பேர்.

கோடில் மாற்றியது ஒரே வரி.

23 அக்டோபர்

தீபாவளி முடிந்தது. வில்லியனூர்க்காரர் எழுதியிருக்கிறார்: 43 டேபிளில் 35 கருவியோடது, பில்லும் வரவும் கையால், மீதி ஆறு இன்னும் பழைய மென்பொருளிலேயே ஓடுகிறது, முதலாளி திட்டினார், ஆனால் போனஸும் கொடுத்தார். டேப் கீயைப் பார்த்தாராம், அவர்களிடம் அது தேயவே இல்லை, புத்தம் புதுசாக இருக்கிறதாம்.

மரத்துக்கு 1 என்று இன்னும் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று போன பதிவை எழுதிய பிறகு தேடிப் பார்த்தேன். 2012இல் அந்த 212 பேரில் பெரும்பாலானோரைத் தேடிப் பிடித்துத் திருத்தினோம், கன்றும் போனது, பலர் மறுபடி நட்டுக் கணக்கும் ஏறிவிட்டது. இன்னும் 19. நேற்று ஆலைக்குப் போனபோது பட்டியலை அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் பார்த்தார். நிலத்தை விற்றுவிட்டவர், இறந்துபோனவர், சவுக்குக்கு மாறியவர் என்று பேனாவால் அடித்துக்கொண்டே வந்தார். பதினான்காவது பெயரில் நிறுத்தினார்.

"இவருக்கு மாத்தாதீங்க சார். இவருக்கு நெஜமாவே ஒரு மரந்தான். வாசல்ல இருக்கு."